நடக்க முடியாத டாக்டர் நடக்க வைத்தார்!

கோலியனூர் ஆனாலும் சரி, விழுப்புரம் ஆனாலும் சரி, கிராமத்து வீடுகளில் பக்கவாதம் என்ற பெயரைக் கேட்டாலே குலை நடுங்கும்.

நேற்று வரை ஏர் பிடித்தவர், மூட்டை தூக்கியவர், காலையில் எழுந்திருக்கும்போது ஒரு பக்கம் கை, கால் விழுந்து கிடப்பார். வாய் கோணி இருக்கும். பேச்சு குழறும். உடனே புறா தேடி ஓடுவார்கள். புறாவின் இரத்தத்தைச் சூட்டோடு கை காலில் தேய்த்தால் உணர்ச்சி வந்து விடும் என்பது பழைய நம்பிக்கை. புறா செத்ததுதான் மிச்சம்!

பிறகு திண்ணை ஓரத்தில் ஒரு கட்டில். அதில் படுக்க வைத்து, வேளாவேளைக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். அன்புக்குக் குறைவு இருக்காது. ஆனால் அந்த மனிதர் திரும்பவும் எழுந்து நடப்பார் என்று வீட்டில் யாரும் நினைக்க மாட்டார்கள். சில மாதங்களில் முதுகில் புண் வரும். கை மடங்கி இறுகி விடும்.

படுக்க வைப்பது சிகிச்சை அல்ல, எழுப்பி உட்கார வைப்பதுதான் சிகிச்சை என்று தமிழ்நாட்டுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஒரு பெண் டாக்டர். அவராலேயே எழுந்து நடக்க முடியாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் அந்தக் காரியத்தைச் செய்தார்.

அவர்தான் டாக்டர் மேரி வர்கீஸ்.

திண்டிவனத்தில் விழுந்த விதை

மேரி வர்கீஸ் பணி புரிந்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில். அந்த ஆஸ்பத்திரிக்கு விதை விழுந்த இடம் வேலூர் அல்ல, திண்டிவனம்!

அமெரிக்க டாக்டர் ஜான் ஸ்கடர் திண்டிவனத்தில் பணி புரிந்து வந்தார். அவருடைய மகள் ஐடா. தாயாருக்கு உடல்நிலை சரியில்லை என்று அமெரிக்காவில் இருந்து வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவிமாரும் பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தனர். ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது, ஐடாதான் வர வேண்டும் என்றார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்து போனார்கள்.

அந்த இரவுதான் ஐடாவை டாக்டர் ஆக்கியது. அமெரிக்கா சென்று படித்து விட்டு, 1900-ம் ஆண்டு வேலூரில் வைத்தியத்தைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு என்று மருத்துவப் பள்ளி வைத்தார். அது பிறகு பெரிய கல்லூரியாக வளர்ந்தது. அந்தக் கல்லூரியில் படிக்க வந்த பெண்களில் ஒருவர், மேரி வர்கீஸ்.

கொச்சியில் பிறந்தவர்

மேரி பிறந்தது கேரளத்தில் கொச்சியில். ஆண்டு 1925. வசதியான குடும்பம். தந்தை ஊரில் மதிப்புள்ளவர். வேலை செய்து சம்பாதித்துத்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலை மேரிக்கு இல்லை. என்றாலும் டாக்டர் ஆக வேண்டும் என்று வேலூருக்கு வந்தார். டாக்டர் பட்டமும் பெற்றார்.

பிரசவ வைத்தியத்திலும் பெண்கள் நோய் சிகிச்சையிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவர் ஆசை. அந்தப் பிரிவிலேயே பயிற்சி டாக்டராகவும் சேர்ந்தார். இரவு, பகல் பாராமல் நின்று கொண்டே செய்ய வேண்டிய வேலை அது.

1954-ம் ஆண்டு ஜனவரி மாதம். மேரிக்கு அப்போது 28 வயது. சக டாக்டர்களுடன் ஒரு மோட்டார் வண்டியில் உல்லாசப் பயணம் புறப்பட்டார். வழியில் வண்டி விபத்துக்கு உள்ளாகிக் கவிழ்ந்து உருண்டது.

மேரியின் முகம் பலமாகக் கிழிந்தது. அதை விடப் பெரிய அடி முதுகில். முதுகெலும்புக்கு உள்ளே மூளையில் இருந்து இறங்கி வரும் தண்டு நசுங்கி விட்டது. கால்களுக்குச் செய்தி கொண்டு போகும் கம்பி அறுந்தது போல ஆயிற்று. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை.

கட்டிலில் கழிந்த மாதங்கள்

நோயாளிகளின் கட்டில் அருகே நின்ற டாக்டர், நோயாளியாகக் கட்டிலில் கிடந்தார். தன் உடம்புக்கு என்ன ஆயிற்று என்பது டாக்டராகிய அவருக்குத் தெரியாமல் எவ்வளவு நாள் மறைக்க முடியும்? இனி நடக்க முடியாது என்பது தெரிந்து விட்டது.

மாதக்கணக்கில் படுக்கை. ஆபரேஷன் மேல் ஆபரேஷன். முகத்தில் தழும்பு நிலைத்து விட்டது. பிரசவ டாக்டர் ஆகும் ஆசை அதோடு முடிந்தது. கால்கள் தாமாகவே வெட்டி வெட்டி இழுக்கும் தொல்லை வேறு. படுத்துக் கிடக்கும் நோயாளிக்கு உடம்பு வலியை விட மனவலி பெரியது. மேரிக்கும் அப்படித்தான் இருந்தது. இனிமேல் நாம் யாருக்குப் பயன்படுவோம் என்பதே அவரை வாட்டிய கேள்வி.

அதற்குப் பதில் கொண்டு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட்.

இவர் வெள்ளைக்காரர் என்றாலும் பிறந்தது நம் கொல்லிமலையில். தொழுநோயால் மடங்கிப் போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றவர். தொழுநோய் நரம்பைக் கெடுப்பதால்தான் விரல்கள் பருந்தின் நகம் போல வளைகின்றன. நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து, செயல் இழந்த விரலில் இணைத்தால், விரல் மறுபடியும் நீளும், மடங்கும். இதுதான் பிராண்டின் முறை.

கை ஆபரேஷனில் ஒரு வசதி உண்டு. நோயாளியின் கையை மேஜை மேல் வைத்து, டாக்டர் உட்கார்ந்தபடியே செய்யலாம். நிற்க வேண்டிய தேவை இல்லை. மேரியின் கால்கள்தானே போயின? கைகள் இருக்கின்றனவே! தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்ய வரும்படி பிராண்ட் அழைத்தார்.

மேரி தயங்கினார். பிறகு இணங்கினார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஆபரேஷன் செய்யக் கற்றுக் கொண்டார். தொட அஞ்சி ஊரார் ஒதுக்கி வைத்த கைகளை அவர் எடுத்து வைத்துச் சீராக்கினார். நோயாளிகளுக்கு அதில் இரட்டைத் தைரியம். விரல் நிமிர்ந்தது ஒன்று. நம்மைப் போலவே ஊனம் அடைந்த ஒருவர் டாக்டராக எதிரே உட்கார்ந்திருக்கிறாரே என்பது இன்னொன்று.

கடல் கடந்த படிப்பு

ஆபரேஷன் செய்கிற டாக்டருக்குத் தன் வேலைகளைச் செய்து கொள்ளப் பிறர் உதவி வேண்டி இருந்தது. கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற, உடை உடுத்த, குளிக்க என்று எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். இந்த நிலையை மாற்றத் துணிந்த மேரி, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் உள்ள மறுவாழ்வு நிலையத்துக்குப் போனார்.

அங்கே அவர் டாக்டர் அல்ல, மாணவி. கைகளின் பலத்தைக் கொண்டே உடம்பைத் தூக்கி நகர்த்தவும், தன் காரியங்களைத் தானே பார்த்துக் கொள்ளவும் பழகினார். அப்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் விளங்கியது. ஆபரேஷனும் மருந்தும் பாதி வைத்தியமே. மீதிப் பாதி, இருக்கும் உடம்பை வைத்துக் கொண்டு வாழக் கற்பது. இந்தியாவில் அதைக் கற்றுக் கொடுக்கும் இடங்கள் மிகவும் அருமை.

எனவே அவர் இன்னும் தூரம் போனார். அமெரிக்காவில் நியூயார்க் நகரில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிலையம் உலகப் பிரசித்தி பெற்றது. இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட சிப்பாய்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சும்மா கிடந்தே மேலும் கெட்டுப் போவதை நேரில் கண்டவர் ரஸ்க். சும்மா கிடக்க விடாதே, வேலை கொடு, பயிற்சி கொடு என்ற அவர் கொள்கையே தனி மருத்துவத் துறையாக வளர்ந்தது. மேரி அவரிடம் படித்து, அந்தத் துறையில் அமெரிக்கத் தேர்விலும் வெற்றி பெற்றார்.

அந்த நிலையம் எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடியின் தந்தை ஜோசப் கென்னடிக்கு 1961 டிசம்பரில் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போயிற்று. பெரிய கோடீசுவரர். நாட்டை ஆளும் மகன். அவரையும் 1962-ல் ரஸ்கின் நிலையத்தில்தான் சேர்த்தார்கள். கோடீசுவரருக்கும் அங்கே அதே பயிற்சி: உட்கார், எழு, ஓர் அடி வை. பணத்தால் அதை இன்னொருவரைக் கொண்டு செய்விக்க முடியாது. ஜோசப் கென்னடிக்குப் பேச்சு சரியாகத் திரும்பவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் எல்லாமும் திரும்பி வருவதில்லை.

வேலூரில் புது வார்டு

1963-ல் மேரி வர்கீஸ் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. ஒரு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து, உள்நோயாளிகளைத் தங்க வைத்துப் பயிற்சி கொடுக்கும் நிலையம் இந்தியாவில் அதுதான் முதல்.

மற்ற வார்டுகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மற்ற வார்டில் நோயாளி படுத்திருந்தால் நல்ல நோயாளி. இங்கே படுத்திருந்தால் ஏன் படுத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள்!

பனை மரத்தில் இருந்து விழுந்து முதுகு ஒடிந்தவர், இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தை, பக்கவாதம் வந்த குடும்பத் தலைவர் என்று பலரும் இப்படிப்பட்ட நிலையத்துக்கு வருவார்கள். டாக்டர் மட்டும் அங்கே போதாது. கை கால் பயிற்சி கொடுப்பவர் ஒருவர். சோறு பிசைந்து உண்ணவும் சட்டை போடவும் பழக்குபவர் ஒருவர். பேசப் பழக்குபவர் ஒருவர். காலுக்கு ஏற்ற பட்டையும் செருப்பும் செய்யும் தொழிலாளிகள். பழைய தொழிலுக்குப் போக முடியாதவருக்குப் புதுத் தொழில் கற்றுக் கொடுப்பவர்கள். இத்தனை பேரும் சேர்ந்ததுதான் சிகிச்சை.

வீட்டு மனிதர்களுக்கும் அங்கே பாடம் உண்டு. ஏன் என்றால், வார்டில் இருப்பது சில வாரங்கள். வீட்டில் இருக்கப் போவது ஆயுள் முழுவதும்.

பக்கவாதத்துக்கு என்ன செய்வார்கள்?

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துக் கொண்டாலோ, வெடித்தாலோ பக்கவாதம் வருகிறது. இடது மூளை கெட்டால் வலது கை, கால் விழும். வலது மூளை கெட்டால் இடது பக்கம் விழும். கெட்டுப் போனது கையும் காலும் அல்ல, அவற்றை ஆட்டி வைக்கும் மூளை. அதனால்தான் கையில் எதைத் தேய்த்தும் பயன் இல்லை!

முதல் சிகிச்சை உயிர் காக்கும் சிகிச்சை. அடைப்பினால் வந்தது என்று ஸ்கேன் எடுத்துத் தெரிந்தால், நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும். எல்லாருக்கும் அது பொருந்தாது. பொருந்துமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். எனவே வாய் கோணினாலோ, ஒரு கை துவண்டு விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

உயிர் ஆபத்து நீங்கிய பிறகு மறுவாழ்வு வார்டின் வேலை தொடங்குகிறது. மூளையில் செத்த பகுதி மறுபடி முளைக்காது. ஆனால் பக்கத்தில் உள்ள நல்ல பகுதி அந்த வேலையைக் கற்றுக் கொள்ளும். குழந்தை நடை பழகுவது போலத்தான். ஒரு தடவை செய்தால் வராது. நூறு தடவை, ஆயிரம் தடவை செய்ய வேண்டும். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும். நின்று விடாது.

வார்டில் நர்சுகள் செய்வதை வீட்டிலும் செய்யலாம். அசைய முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் முதுகில் புண் வராமல் காக்கலாம். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது; தோள் மூட்டு நழுவி விடும், பிறகு வலி தாங்க முடியாது. இது நல்ல எண்ணத்தோடு செய்கிற பிழை. பல வீடுகளில் நடக்கிறது.

கஞ்சி கொடுப்பதிலும் கவனம் வேண்டும். விழுங்கும் சக்தி போயிருந்தால், வாயில் ஊற்றும் கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கி உயிருக்கே உலை வைக்கும். விழுங்க முடிகிறதா என்று ஆஸ்பத்திரியில் பார்த்த பிறகே எதையும் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும்.

சட்டை போடுவதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிமன் ஆக்கினால், பலம் குறைந்த விரல்களும் அதைப் பிடித்துக் கொள்ளும். தடியை நல்ல கையில் ஊன்ற வேண்டும். இவை எல்லாம் சின்ன விஷயங்களாகத் தோன்றும். பெற்ற மகன் கையால் வேட்டி கட்டிக் கொள்ளக் கூச்சப்படும் தகப்பனாருக்கு, தானே கட்டிக் கொள்வது சின்ன விஷயம் அல்ல.

பேச்சு போனவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலருக்கு நாம் பேசுவது புரியும். பதில் சொல்ல வார்த்தைதான் அகப்படாது. அவரைப் பைத்தியம் போலவும் செவிடர் போலவும் நடத்துவது கொடுமை. நிதானமாகப் பேசி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு முதல்-அமைச்சராக இருந்த எம்.ஜி.ஆருக்கு 1984 அக்டோபரில் பக்கவாதம் வந்தது. அமெரிக்காவில் சிகிச்சை பெற்று 1985 பிப்ரவரியில் திரும்பினார். திரையில் முழங்கிய குரல் பழையபடி தெளியவில்லை. அப்படியே 1987 டிசம்பரில் இறக்கும் வரை முதல்-அமைச்சராக இருந்தார். பேச்சு தெளியவில்லை என்றால் அறிவும் தெளியவில்லை என்று பொருள் அல்ல.

நாற்காலியில் இருந்தபடி

மேரி வர்கீஸ் இவற்றைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர் அல்ல. புண் வராமல் உடம்பைக் காப்பது எவ்வளவு பாடு, ஒரு தடவை கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறினால் எவ்வளவு மூச்சு வாங்கும் என்பதெல்லாம் அவர் உடம்பு அறிந்த பாடம். என்னால் முடியாது என்று கண்ணீர் விடும் நோயாளிக்கு எதிரே சக்கர நாற்காலியில் வந்து நிற்பார். அதற்கு மேல் அவர் உபதேசம் செய்யத் தேவை இருக்காது.

1963-லேயே அவருடைய வாழ்க்கை வரலாறு அமெரிக்காவில் ஆங்கிலப் புத்தகமாக வந்தது. டாரதி கிளார்க் வில்சன் என்ற எழுத்தாளர் எழுதினார். 1972-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

மருத்துவத் துறை என்றாலே ஊசியும் கத்தியும்தான் என்று நினைத்திருந்த காலத்தில் ஒரு பெண், அதுவும் நடக்க இயலாத பெண், புதுத் துறை ஒன்றை நிலைநிறுத்தியது லேசான காரியம் அல்ல. உடனே உயிர் காக்கும் ஆபரேஷனுக்கு நன்கொடை கொடுக்க ஆள் கிடைக்கும். ஒரு மனிதரை ஆறு வாரம் தங்க வைத்து, சட்டைப் பொத்தான் போடப் பழக்குவதற்குப் பணம் கொடுக்க யார் முன் வருவார்கள்? இந்தத் தொல்லை இன்றும் முழுதும் தீர்ந்து விடவில்லை. பக்கவாதம் வந்தவர்களில் பலர் உயிர் பிழைத்ததும் நேராக வீட்டுக்கே அனுப்பப்படுகிறார்கள். தங்கிப் பயிற்சி பெறும் வார்டுகள் பெரிய நகரங்களில்தான் உண்டு. கூலி வேலையை விட்டு விட்டு வாரக்கணக்கில் துணைக்கு இருக்க எத்தனை வீடுகளால் முடியும்?

விழுப்புரம் வட்டாரத்துக்கு 2010-ல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2021-ல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பயிற்சி கொடுப்பவர் நோயாளியின் வீட்டுக்கே வருகிறார். கட்டிலே கதி என்று கிடந்த காலத்தை நினைத்தால் இது பெரிய மாறுதல்.

விழுப்புரத்தில் இருந்து காட்பாடிக்குப் போகும் ரயில் திருவண்ணாமலை, போளூர் வழியாக வேலூரைத் தொட்டுச் செல்கிறது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை அதில் காணலாம்.

மேரி வர்கீஸ் 1986-ம் ஆண்டு டிசம்பர் மாதம் காலமானார். வயது 61. விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் 32 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். டாக்டராக நடமாடிய காலமோ சில ஆண்டுகளே.

பாகாயம் நிலையத்துக்கு இப்போது அவருடைய பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை மறுவாழ்வு மேளாவுக்காக மறுபடியும் கூடுகிறார்கள். டாக்டர்கள் அவர்கள் உடம்பைப் பரிசோதித்துப் பார்க்கிறார்கள். பிறகு விளையாட்டுப் போட்டி நடக்கிறது.